நெல்லிக்காயளவு லேகியம்

லேகியம் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். போன கிழமை ஒருவர் சைக்கிளில் வந்து, படலையில் நின்றபடியே, "விதானையார், உங்களைச் சுகப்படுத்தின லேகியத்திலை ஒரு போத்தில் எடுத்துத் தருவியளோ?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அந்த லேகியத்தின் புகழைக் கரவெட்டி முழுக்கத் தம்பட்டம் அடித்துத் திரிந்தவன் நான்தான். வருகிற ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொல்லி எனக்கு வாய் உளைகிறது. ஆகவே எழுதி வைத்துவிடுகிறேன். வாசித்த பிறகும் வேண்டுமென்றால் வாருங்கள், லேகியம் கிண்டின பரியாரியார் வீட்டுக்கு வழி காட்டுகிறேன்.

நான் கிராம சேவையாளர். பழைய வழக்கத்தில் சனம் விதானையார் என்றே கூப்பிடும். கரண்ட் போய், சவுக்காரம் போய், மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து ஊற்றத் தொடங்கிய காலத்தில் ஒரு விதானையின் முற்றம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விடிய ஐந்து மணிக்கே சனம். நிவாரண அட்டைக்குக் கையெழுத்து, இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குப் பதிவு, ஆளைக் காணவில்லை என்று ஒரு கடிதம். நானும் லேசுப்பட்ட ஆளில்லை. குரல் எடுத்தால் அடுத்த ஒழுங்கை வரை கேட்கும். என்னை ஒரு நோய் பிடிக்கும், அதுவும் இப்படியொரு நோய் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் படலையைச் சாத்திவிட்டு ஏசியிருப்பேன்.

அன்றைக்குக் காலை பத்து மணியிருக்கும். முத்திரையை மையில் ஒற்றி ஒரு முதியவரின் கடிதத்தில் குத்தப் போனேன். வானத்தில் ஒன்றும் இல்லை. குண்டு போடுகிற பொம்மர் இல்லை, ஹெலி இல்லை. சும்மா இருந்தாற்போல நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. விரல் நுனிகள் விறைத்தன. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. இன்னும் இழுக்கிறேன், இன்னும் போதவில்லை. "முடிஞ்சுது, இதுதான் சாவு" என்ற ஒரே நினைப்பு. முத்திரை கையிலிருந்து விழுந்து முதியவரின் வேட்டியில் மை அப்பியது. "ஐயோ விதானையார்!" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, என் மனைவி மனோ பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடிவர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெஞ்சிலும் கை கால்களிலும் வயர் கொழுவி, இதயத்தின் ஓட்டத்தைக் கடதாசியில் கோடாகக் கீறும் மெசினில் என்னைப் போட்டார்கள். அதற்கு ஜெனரேட்டர் போடவேண்டும், அதற்கு எண்ணெய் வேண்டும், அது வருமட்டும் இரண்டு மணித்தியாலம் ஒரு மர வாங்கில் கிடந்தேன். பிறகு ஒரு வயது போன டொக்டர் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். கழுத்தில் உள்ள ஒரு சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலைசெய்தாலும் இப்படி நெஞ்சிடி வருமாம், அப்படியானால் தாள் விடாமல் நடுங்குமாம். தாள் சும்மா கிடந்தது. கழுத்தைத் தடவினார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"விதானையார், உங்கடை இதயம் நல்ல இதயம்," என்றார். "இது பதகளிப்பு. பயப்பிட ஒண்டும் இல்லாத நேரத்திலையும் உடம்பு பயந்து ஓட வெளிக்கிடுது. இது ஒரு வருத்தம், மருந்து இருக்கு."

"பதகளிப்போ? ஆருக்கு, எனக்கோ?" என்றேன். எனக்கு மாரடைப்பு இல்லையென்றதில் சந்தோஷப்பட வேண்டியவன் கோபப்பட்டேன். உண்மையைச் சொன்னால், மாரடைப்பு என்றால் மரியாதையாக இருந்திருக்கும்.

டொக்டர் ஒரு மாத்திரையை, நாங்கள் குளிசை என்போம், மருந்துத் துண்டில் எழுதினார். காலையில் ஒன்று, பின்னேரம் இரண்டு. அது நரம்பைத் தணிக்கிற குளிசை, நாலு கிழமைக்கு மேல் அதையே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, வியாழக்கிழமை கிளினிக்குக்கு வந்தால் நீண்ட நாளைக்குப் பாவிக்கக்கூடிய வேறு மருந்துக்கு மாற்றுவார்கள் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எல்லாம் சரி. வியாழக்கிழமை என்ன கிளினிக் என்பதுதான் பிரச்சினை. அது மனநோய்க் கிளினிக்.

போனேன். வாங்கில் பதினைந்து பேர். ஒரு பெடிச்சி சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் தன் செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். எனக்கு எதிரே இருந்த மனுசி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எட, விதானையாரும் வந்திருக்கிறார்!" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. தன்னைப் போல ஒருவரைக் கண்ட ஆறுதலில் சொன்னாள். ஆனால் எனக்குக் காது இரண்டும் நெருப்பாகிவிட்டது. கிளினிக்கில் தந்த காட்டை, அந்த அட்டையை, கையில் மடித்துக்கொண்டு, மனோவுக்கும் சொல்லாமல், சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காரணம் வெறும் வெட்கம் மட்டுமில்லை. என் தங்கச்சி புவனாவுக்கு அப்போதுதான் மானிப்பாயில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அப்பா அம்மா இல்லை, எனக்குப் பிள்ளைகளும் இல்லை, அவள்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை. இரண்டு சம்பந்தம் வந்து சாதகத்தில் தட்டுப்பட்டுப் போயிற்று. இது பொருந்தி வந்தது. மாப்பிள்ளை படவரைஞர், ஒரே பிள்ளை, தாய் மட்டும். சம்பந்தம் பேசும்போது ஊரில் முதலில் விசாரிப்பது எதை? "பெட்டை வீட்டிலை ஆருக்கும் விசர் கிசர் இருக்கோ?" இதைத்தான். அண்ணன்காரன் வியாழக்கிழமைக் கிளினிக்கில் காட்டோடு இருந்தான் என்று ஒரு வாய் சொன்னால் போதும்.

"இனி இந்த விசர்க் குளிசை என்ரை வாயிலை படாது," என்று மனோவிடம் சொல்லிவிட்டேன். "பரியாரியாரிட்டைப் போறன். அவரிட்டைப் போறதை ஆர் குறை சொல்லுவினம்?"

"அப்ப டொக்டர் சொன்னது?" என்றாள் மனோ.

"டொக்டர் எங்கடை புவனாவைக் கட்டப் போறாரோ?"

அவள் பேசவில்லை. மனோ பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று நினைப்பது என் இருபது வருடப் பிழை.

பரியாரியார் எங்கள் பகுதியில் பெயர் பெற்ற நாட்டு வைத்தியர். மெலிந்த மனுசன், சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கதைப்பார். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், நித்திரை எப்படி, வயிறு எப்படி என்று அரை மணி நேரம் கேட்டார். டொக்டருக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை, அதை நான் இப்போதும் சொல்வேன். கடைசியில் கேட்டார், "தம்பி, இங்கிலீசு மருந்து ஏதும் எடுக்கிறீரோ?" நான், "சீச்சீ, ஒண்டுமில்லை," என்றேன். அன்றைக்கு அது உண்மைதான். வல்லாரையும் வேறு பச்சிலைகளும் போட்டுக் கிண்டிய லேகியம், நெல்லிக்காயளவு, காலையும் பின்னேரமும். கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது, பத்தியம். கடும் தேத்தண்ணி நிற்பாட்டவேணும். பின்னேரம் வெயில் தணிய அரை மணி நேரம் நடக்கவேணும்.

மூன்றாம் நாள் எனக்குச் சுகம்!

பகிடி விடவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சு தணிந்தது. ஒரு கிழமையில் நித்திரை வந்தது. வானத்தில் பொம்மர் சுற்றினாலும் மற்றவர்களைப் போலத்தான் பயந்தேன், அதற்கு மேலே இல்லை. முற்றத்தில் நின்ற சனத்துக்கெல்லாம் பிரசங்கம் வைத்தேன். "இங்கிலீசு மருந்து உடம்பைக் கெடுக்கும். எங்கடை மண்ணிலை முளைச்சதுக்குள்ளை இல்லாத மருந்தோ?" கேட்டவர்கள் பரியாரியாரிடம் ஓடினார்கள். சிலர் திரும்பி வந்து, "எங்களுக்கு அவ்வளவா ஒண்டும் தெரியேல்லை, விதானையார்," என்றார்கள். "பத்தியம் காத்திருக்க மாட்டியள்," என்று அவர்களையே ஏசினேன்.

மனோ தினமும் லேகியத்தைத் தன் கையால் உருட்டித்தான் தருவாள். போத்தலோடு தொட விடமாட்டாள். "ஈரக் கை பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்," என்பாள். நானும் ஒரு வீண் ஆள், உருண்டையைப் பார்த்து, "இது நெல்லிக்காயோ? இது தேசிக்காய்," என்று நொட்டை சொல்வேன். அவள் சிரிக்கமாட்டாள். கிள்ளி எடுத்துச் சரிப்படுத்தித் தருவாள்.

மானிப்பாயிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரவீந்திரன் தலை குனிந்தபடி இருந்தார், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அடக்கமான பிள்ளை என்று எனக்குப் பிடித்துவிட்டது. சம்பந்தியம்மா கணீரென்று கதைக்கிற மனுசி. நான் லேகியப் பிரசங்கத்தை அங்கேயும் வைக்க, அவ கேட்டா, "உதிலை ஒரு போத்தில் எங்களுக்கும் தருவியளோ தம்பி? சொந்தத்துக்கை ஒராள் சரியான அந்தரப்படுறார்." உடனே உள்ளே போய் ஒரு புதுப் போத்தலைத் தூக்கிவந்து கொடுத்தேன். மனோவின் முகம் வெளிறியது. ஒரு போத்தலுக்கு இப்படி மனம் சுருங்குகிறாளே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஆறு மாதம் இப்படிப் போனது. கலியாணம் ஆவணியில் என்று நாள் வைத்தோம். ஆடிக் கடைசியில் எனக்கு மறுபடியும் ஏதோ பிழைக்கத் தொடங்கியது. முதலில் நித்திரை போனது. பிறகு கை நடுங்கியது, கையெழுத்து எனக்கே விளங்காமல் கோணியது. கிணற்றுக் கப்பியின் சத்தம் மூளைக்குள் கீறியது. வெளிச்சத்தைப் பார்க்க ஏலவில்லை. வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. லேகியத்தை இரண்டு மடங்காக எடுத்தேன், அசையவில்லை. முதல் தடவை வந்ததைவிட மோசமான ஒரு பயம், என்னை விட்டு ஒரு நிமிடமும் நகராத பயம். மனோ பருத்தித்துறைக்கும் நெல்லியடிக்கும் ஓடி ஓடித் திரிந்தாள். கலியாணச் சாமான் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

பொன்னுருக்கலுக்கு நாள் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தட்டான் தாலிக்குப் பொன்னை உருக்குகிற சடங்கு அது. பெண் வீட்டாரும் போய் முன்னுக்கு நிற்கவேண்டும். பெண் போவதில்லை, அண்ணன் போகாவிட்டால் சரிவராது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வான் வண்டியில் நெருக்குண்டு மானிப்பாய்க்குப் போனோம். தட்டான் கரியை மூட்டி ஊதுகுழலால் ஊத ஊத, அந்தக் கரி சிவந்து சிவந்து வந்தது. எனக்கு அந்தச் சிவப்பு மட்டும் நினைவிருக்கிறது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை.

பொன் உருகித் திரள்கிற நேரத்தில் நான் மரம் மாதிரிச் சரிந்து, பல்லைக் கடித்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்தேனாம். நாக்கில் காயம். நிறைகுடத்தையும் தட்டி விழுத்திவிட்டேனாம். இதையெல்லாம் மனோ பிறகு சொன்னாள். பொன்னுருக்கல் வீட்டில் வலிப்பு! அதுவும் நிறைகுடம் கவிழ்ந்து! சனம் என்ன சொல்லியிருக்கும் என்று நினைக்க நினைக்க, கட்டிலில் கிடந்தபடியே இன்னொரு தடவை செத்தேன். கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி மாப்பிள்ளை வீட்டுக்குக் கிட்ட. சம்பந்தியம்மா இரண்டு நேரமும் சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சி கொண்டுவந்தா. அவ அன்பாக இருக்க இருக்க எனக்கு உள்ளே நடுக்கம் கூடியது. வார்ட்டைப் பார்த்தவ ஒரு பெண் டொக்டர். வயது முப்பது இருக்காது. கண்ணில் நித்திரை இல்லை, ஆனால் கேள்வி கூர்மை.

"என்ன மருந்து பாவிக்கிறியள் ஐயா?"

"லேகியம் மட்டுந்தான்."

"குடிக்கிறனீங்களோ?"

எழும்பி இருக்க ஏலாதவன் எழும்பி இருந்தேன். "பிள்ளை, நான் கள்ளுக் கொட்டில் பக்கமே போகாதவன்!"

"கோவிக்காதேங்கோ. குடியைச் சடாரெண்டு விட்டாலும் இப்பிடி நடுங்கி வலிப்பு வரும். அதுதான் கேட்டனான்." சம்பந்தியம்மா கஞ்சிக் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. இரத்தம் எடுத்தார்கள், சீனி பார்த்தார்கள், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார்கள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் டொக்டர் கட்டில் கால்மாட்டில் நின்று, "காரணம் பிடிபடேல்லை. இந்த வயசிலை முதல் தரம் வலிப்பு வந்தால் மூளைக்கை கட்டி இருக்கோ எண்டு பார்க்கத்தான் வேணும். அந்தப் படம் எடுக்கிற மெசின் இஞ்சை இல்லை. கொழும்புக்குத்தான் போகவேணும்," என்றா.

கொழும்பு. பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கடல் நீரேரி கடந்து, சோதனைச் சாவடி சாவடியாக, இந்த உடம்போடு. போனால் திரும்பி வருவேனோ? கலியாணம்? எனக்கு மறுபடி மூச்சுப் போதாமல் வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மனோ வாய் திறந்தாள். நிலத்தில் பாய் போட்டு இருந்தவள் எழும்பினாள். சம்பந்தியம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்தாள்.

"டொக்டர், கொழும்புக்கு அனுப்பாதேங்கோ. இவர் குளிசை எடுத்தவர். இவருக்குத் தெரியாது."

"தெரியாமல் எப்பிடியம்மா எடுக்கிறது?"

"நான் இடிச்சு லேகியத்துக்குள்ளை வைச்சு உருட்டிக் குடுத்தனான். காலைமை ஒண்டு, பின்னேரம் இரண்டு. பதகளிப்புக்கு எழுதின குளிசை. பழைய துண்டைக் காட்டிக் கடையிலை வாங்கினனான். ஆறு மாசமா. இப்ப ஒரு கடையிலையும் இல்லை, சாமான் வரேல்லையாம். விழுந்த அண்டைக்குக் குளிசை இல்லாமல் ஒன்பதாம் நாள்."

டொக்டர் தாளில் எழுதிக்கொண்டிருந்ததை நிற்பாட்டினா. "நல்ல வேளை சொன்னியள் அம்மா," என்று மட்டும் சொன்னா. சம்பந்தியம்மா கோப்பையைக் கழுவாமலே பைக்குள் வைத்தா. சுடுதண்ணிப் போத்தலையும் எடுத்தா. ஒரு சொல் இல்லாமல் போய்விட்டா.

டொக்டர் விளங்கப்படுத்தியதை அப்படியே எழுதுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். அந்தக் குளிசை கெட்டதில்லை, கொஞ்ச நாளைக்கு நல்ல உதவி. மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பழகியதைச் சடாரென்று பறித்தால், அமத்தி வைத்திருந்த நரம்பெல்லாம் ஒன்றாகத் துள்ளும். எல்லாருக்கும் வலிப்பு வருவதில்லை, சிலருக்கு வரும். நிற்பாட்டுவதென்றால் டொக்டர் சொல்லுகிற கணக்கில், கிழமைக் கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கையிருப்பிலிருந்து எனக்குக் குளிசை தந்தார்கள். அன்று பின்னேரமே கை நடுக்கம் குறைந்தது.

நடுக்கம் குறைய, கோபம் வந்தது. மனோவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. இருபது வருடம் என்னோடு இருந்தவள் ஆறு மாதம் என்னை ஏமாற்றியிருக்கிறாள். அதுபோதாதென்று என் லேகியப் பிரசங்கம் முழுவதும் வெறும் பேய்க்கதை! எது கூடுதலாக எரித்தது என்று இப்போதும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவள் என் தலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நீங்கள் ஒரு சொல் 'ஓம்' எண்டிருந்தால் நான் ஏன் ஒளிக்கிறன்? ஒவ்வொரு நாளும் நீங்கள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னாலை ஏலுமோ? நான் செய்தது பிழைதான். ஏசுங்கோ. ஆனால் கதையுங்கோ." அழுகை வந்துவிட்டது எனக்கு. ஏசவில்லை. அந்த ஈரத்துணியை வாங்கி முகத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் மானிப்பாய் வீட்டிலிருந்து கஞ்சி வரவில்லை. ஆளும் வரவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினேன். அடுத்த கட்டில்காரருக்கு வந்த சொந்தங்களைப் பார்த்து, இவர்கள் மானிப்பாய் ஆட்களோ, ஏதும் கேள்விப்பட்டிருப்பார்களோ என்று முகம் முகமாக ஆராய்ந்தேன். புவனாவுக்கு என்ன சொல்வேன்? "என்ரை வருத்தத்தை ஒளிக்கப்போய் உன்ரை வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டன்," என்றா? அவள் கரவெட்டியில் கூறைச்சேலைக்கு முந்தானை தைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பரியாரியார் அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்து சேர்ந்தார். எனக்கு முகத்தைப் பார்க்க வெட்கம். அவரோ என்னைவிட வெட்கப்பட்டார்.

"தம்பி, ஒண்டு சொல்லுறன். என்ரை மருந்து ஆறுதலாத்தான் வேலை செய்யும். மண்டலக் கணக்கு. நீர் மூண்டாம் நாள் சுகமெண்டு வந்து நிண்டபோதே எனக்கு இடிச்சது. விசாரிச்சிருக்கவேணும். ஆனால் நீர் ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிஞ்சீர். கேக்க நல்லாத்தானே இருந்தது எனக்கும்." சால்வையால் மூக்கைத் துடைத்தார். பிறகு லேகியத்தில் என்னென்ன போட்டார் என்று ஒரு தாளில் எழுதி டொக்டரிடமே கொடுத்தார். அவவும் எழும்பி நின்று வாங்கினா. குளிசை குறைத்து முடியும்வரை லேகியம் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று குழப்புதோ தெரியாது என்றா. நடையையும் கடும் தேத்தண்ணி விட்டதையும் அப்படியே தொடரச் சொன்னா. பரியாரியார் தலையாட்டினார். இருவரும் என்னைப் பற்றி என் முன்னாலேயே, என்னைக் கேட்காமலே, பத்து நிமிடம் கதைத்தார்கள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. அங்கேயும் வியாழக்கிழமைதான் அந்தக் கிளினிக். நீண்ட நாளைக்கான மருந்தை அங்கே எழுதவேண்டும் என்று டொக்டர் அனுப்பினா. இந்தத் தடவை ஓடுவதற்குக் காலில் பலமில்லை. மனோ கையைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக்குக் கூட்டிப்போனாள். நீண்ட வாங்கு. கடைசி நுனியில் ஒருவர் தலையைக் குனிந்து, காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தது போலவே. பக்கத்தில் சம்பந்தியம்மா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்க்க வந்திருக்கிறார்களாக்கும், கலியாணம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வந்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்தக் காட்டைப் பார்த்தேன். என்னுடையதைப் போலவே மடிந்து மடிந்து கசங்கின காட்டு.

சம்பந்தியம்மா எழும்பினா. கணீரென்ற குரல் இல்லை.

"தம்பி, நீங்கள் தந்த லேகியம் இவனுக்குக் கேக்கேல்லை," என்றா. "முடிய முடியப் பரியாரியாரிட்டை வாங்கி, மாசக்கணக்கா ஒரு நாள் விடாமல் குடுத்தனான். உங்களுக்குக் கேட்டது ஏன் என்ரை பிள்ளைக்குக் கேக்கேல்லை எண்டு கோயில் கோயிலா அழுதனான். அண்டைக்கு உங்கடை மனுசி சொன்ன பிறகுதான் விளங்கினது." பிறகு மனோவின் கையைப் பிடித்தா. "நான் பேசாமல் போனது கோவத்திலை இல்லை பிள்ளை. எனக்கு உன்னை மாதிரிச் சொல்ல வாய் வரேல்லை. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னாலும் நாங்கள் குறை நினைக்கமாட்டம்."

நான் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினேன். இடம் விட்டு நகர்ந்தார். "எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டேன். "ஏழு மணிக்கு," என்றார். "முன்னுக்கு எத்தினை பேர்?" "ஒன்பது." அவ்வளவுதான் கதைத்தோம். ஆனால் அந்த வாங்கில் நான் பயப்படாமல் இருந்த முதல் நாள் அதுதான்.

பயம் வீட்டில் காத்திருந்தது. புவனாவுக்குச் சொல்லாமல் விடலாம். சொந்தம் எல்லாம் அதைத்தான் சொல்லும். கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லும். ஒரு நிமிடம் எனக்கும் அந்த யோசனை வந்தது, மறைக்கவில்லை. அடுப்படியில் மனோவும் நானும் அவளை இருத்தி, என் கதை, லேகியக் கதை, வாங்குக் கதை எல்லாவற்றையும் சொன்னோம். "உன்ரை விருப்பம். நீ வேண்டாமெண்டால் நாளைக்கே போய்ச் சொல்லிப்போட்டு வாறன்," என்றேன்.

அவள் அழுதாள். என்னில் கோபமா, தன் விதியில் கோபமா தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கு மருந்து இருக்கோ அண்ணை?"

"இருக்கு. கட்டாயம் இருக்கு."

"அப்ப சரி. ஆனால் ஒண்டு. அண்ணி மாதிரி ஒளிச்சு உருட்டிக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. முகத்துக்கு முன்னாலை, கையிலை குடுப்பன். அவரும் வாங்கிக் குடிக்கவேணும். இதைப் போய்ச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். மாப்பிள்ளை "ஓம்" என்றார்.

கலியாணத்தன்று காலை வீடு முழுக்கச் சனம். மாப்பிள்ளை வந்து கால் கழுவி உள்ளே ஏறிவிட்டார். மணவறைக்கு இன்னும் நேரமிருந்தது. உள்ளறையிலிருந்து புவனா என்னைக் கூப்பிட்டு, கூறைக்குள் இருந்தபடி, "காலைமைக் குளிசை போட்டிட்டாரோ எண்டு கேளுங்கோ அண்ணை," என்றாள். நான் விறாந்தைக்கு வந்தேன். கிட்டப் போய்க் காதோடு கேட்டிருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாது. "தம்பி, காலைமைக் குளிசை போட்டாச்சோ?" என்று அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கிற குரலில் கேட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. மேளக்காரர்கூட நிற்பாட்டிவிட்டார். மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. பிறகு, "இன்னும் இல்லை அண்ணை," என்றார், எல்லாருக்கும் கேட்கத்தான். நானும் இன்னும் போடவில்லை. மனோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தன் மடியிலிருந்து எடுத்தார், நான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அத்தனை சனத்துக்கும் முன்னால் இரண்டு பேரும் அந்த ஒரே செம்பில் குடித்தோம்.